வீடியோவுக்குள்ள போறதுக்கு முன்னாடி

கேள்வி சின்னது. தூத்துக்குடித் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். மூன்று என்றால் என்ன?

போன வாரம் இதைக் கைப்பேசியில் தட்டியவரை வசதிக்காகக் கட்டுரைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் எதிர்பார்த்தது ஒரு வரி. கிடைத்தது, பதினான்கு நிமிடத்துச் சொச்சம் ஓடும் ஒரு வீடியோ. முகப்புப் படத்தில் சுழன்றடிக்கும் ஒரு சூறாவளி, வாயைப் பிளந்த ஒரு பெண்மணி, ஒரு சிவப்பு அம்புக்குறி, ‘தூத்துக்குடி மக்களே உஷார்!’ என்று மஞ்சள் எழுத்து. சூறாவளி அமெரிக்காவுடையது. அம்புக்குறி ராமேஸ்வரத்தைக் குத்திக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வீடியோ. அதற்கும் கீழே, மேற்படி வீடியோ சொன்னது சரியா தவறா என்று வேறொருவர் பேசும் வீடியோ.

இதற்கிடையில் தங்கை மகனிடமிருந்து போன்.

“மாமா, நான் அனுப்புன வீடியோவப் பாத்தீயளா? வெவரமா எல்லாம் சொல்லிருக்கான்.”

“மூணாம் நம்பர்னா என்னன்னு சொல்லுதானா?”

“கடைசில சொல்லுவான் மாமா. ஸ்கிப் பண்ணாமப் பாருங்க.”

ஸ்கிப் பண்ணாமல்! பத்திரிகையில் ஒரு செய்தியைத் தேடுகிறவன் ராசிபலன், நீத்தார் நினைவு, கோவில் கொடை விளம்பரம் எல்லாவற்றையும் தாண்டித்தான் போவான். அதற்காக எந்த ஆசிரியரும் அவன் கையைப் பிடித்ததில்லை.

கூண்டு ஏற்றும் முறையை உண்டாக்கியவர்கள் சிக்கனம் தெரிந்தவர்கள். துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகச் சில உருவங்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமாகச் சில விளக்குகள். மொத்தம் 11 எண்கள். ஒன்று என்றால், தொலைவில் கடலுக்குள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. இரண்டு என்றால், தொலைவில் அது புயலாகவே ஆகிவிட்டது, துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல் அதில் போய் மாட்டிக்கொள்ளலாம். மூன்றுக்கு வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் செய்தி ஒரு கப்பல் கேப்டனுக்குப் போய்ச் சேர ஆகும் நேரம், அவர் தலையைத் தூக்கி ஒரு தடவை பார்க்கும் நேரம். கூண்டு அவரைப் பார்த்து, ‘நம்ம கூண்டுக்குப் புதுசா வந்திருந்தீங்கன்னா’ என்று ஆரம்பிப்பதில்லை.

எழுத்துதான் மேல் என்பதற்குக் கட்டுரைக்காரரிடம் மூன்று காரணங்கள் உண்டு. மூன்றாவதுதான் அசல் காரணம். முதல் இரண்டும் அதற்கு நட்ட பந்தக்கால். அந்தக் காரணங்களுக்குள் போவதற்கு முன், ‘வணக்கம் மக்களே’ என்பதிலிருந்து ‘வாங்க வீடியோவுக்குள்ள போகலாம்’ என்பது வரைக்குமான அந்த இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இந்தக் கடற்கரையில் அந்த இடைவெளியை அளக்க ஓர் அளவுகோல் ஏற்கெனவே உண்டு: முத்துக்குளிப்பவரின் மூச்சு. குழாயும் கண்ணாடியும் இல்லாமல் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்களில் இறங்கிய குளிகாரர் தண்ணீருக்கடியில் இருந்தது ஒரு நிமிடம், சற்று முன்பின். அந்த ஒரு நிமிடத்தில் நடந்ததைக் கணக்குப் பார்க்கலாம். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைக்கிறார். மூக்கை விரலால் அழுத்திக்கொள்கிறார். (அரபு நாட்டிலிருந்து வந்த குளிகாரர்கள் மூக்குக்குக் கொம்பில் செய்த கிளிப் வைத்திருந்தார்கள். நம்மவர்களுக்கு விரலே போதும்.) மேலே படகில் கயிறு பிடிப்பவர் கல்லை விடுகிறார். அதே சமயம், இங்கே திரையில், ‘வணக்கம் மக்களே’. குளிகாரர் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். திரையில் சேனலின் சின்னம் சுழன்று வருகிறது, தீப்பிடிக்கிறது, மின்னல் வெட்டுகிறது, சிங்கம் ஒன்று கர்ஜிக்கிறது. குளிகாரர் தரையைத் தொட்டு, கல்லை விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கும் வலைப்பையில் சிப்பியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறார். திரையில், ‘இன்னிக்கு நாம என்ன பாக்கப் போறோம்னா’ என்று தொடங்கி, தலைப்பில் ஏற்கெனவே எழுதியிருப்பதையே வாய்விட்டுப் படிக்கிறார்கள். குளிகாரருக்கு நெஞ்சு முட்டுகிறது, கயிற்றை இழுத்துச் சைகை காட்டுகிறார். ‘அதுக்கு முன்னாடி, நம்ம சேனலை இன்னும் சப்ஸ்கிரைப் பண்ணலைன்னா, பக்கத்துல இருக்கிற பெல் பட்டனையும்…’ குளிகாரர் தண்ணீருக்கு மேல் வந்துவிட்டார். மூச்சு வாங்குகிறார். பை நிறையச் சிப்பி. திரையில் இன்னும் பெல் பட்டன்.

குளிகாரர் இரண்டாவது தடவை இறங்குகிறார். திரையில், இந்த வீடியோவுக்கு உதவிய கருப்பட்டிக் கடையின் விளம்பரம். மூன்றாவது தடவை. திரையில், போன வீடியோவுக்கு வந்த ஆதரவுக்கு நன்றி. சிப்பி குவிந்துகொண்டே போகிறது. முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பு நடக்கும் பருவத்தில், படகுகள் நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்துக் கிளம்பி, பார்மேல் விடியும்வரை காத்திருந்து, பிற்பகலில் கடற்காற்றைப் பிடித்துத் திரும்பும். அந்த ஒரு நாளுக்குள் காற்றே திசை மாறிவிடும். ‘வாங்க, வீடியோவுக்குள்ள போகலாம்’ மட்டும் வராது.

சுறாக்களுக்கு மந்திரம் போடுகிறவரை விட்டுவிடக்கூடாது. கடல்கட்டி என்று அவருக்குப் பெயர். குளிகாரர்கள் கடலுக்குள் இருக்கும்வரை சுறாவின் வாயைக் கட்டிவைப்பது அவர் வேலை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்துபோன மார்கோ போலோ, எடுத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கே எழுதிவைத்திருக்கிறார். பகலில் போட்ட மந்திரத்தை அவர்கள் இரவில் அவிழ்த்துவிடுவார்கள் என்றும் எழுதுகிறார். அப்போதுதான் ராத்திரி திருட்டுத்தனமாக இறங்குகிறவனைச் சுறா கவனித்துக்கொள்ளும். இன்றைக்கு அந்த வேலையில் இருப்பவர் அல்காரிதம் நிபுணர். அவரும் கரையில் உட்கார்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் வாயைக் கட்டுவதாகச் சொல்கிறார், பங்கும் வாங்கிக்கொள்கிறார். மார்கோ போலோ காலத்து மந்திரவாதிக்குத் தன் மந்திரத்தை அவிழ்க்கவும் தெரிந்திருந்தது என்பதுதான் வித்தியாசம்.

அப்புறம் ஏலம். கரைக்கு வந்த சிப்பியில் வெள்ளைக்காரன் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளிகாரர்களுக்கு. சர்க்கார் பங்கைத் திறக்காமலே, ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது வாங்கியவன் தலையெழுத்து. முகப்புப் படத்தை நம்பி வீடியோவைத் தொடுகிறவனுக்கு இந்த வியாபாரம் புரியும். வாங்கிய சிப்பியை உடனே திறக்கவும் முடியாது. ஒரு வாரம், பத்து நாள் குவித்துப் போட்டு அழுகவிட வேண்டும். ஈ மொய்க்கும், நாற்றம் ஊரைத் தூக்கும், பிறகு அந்தக் கூழைக் கடல் தண்ணீரில் அலசி அலசி, அடியில் தங்கும் மண்ணைச் சலித்துத்தான் முத்தைப் பொறுக்குவார்கள். பதினான்கு நிமிட வீடியோவின் பதினோராவது நிமிடத்தில், உரையாடலின் கூழுக்குள் கையை விட்டு ஒரு தகவலைத் தேடுகிறவனுக்கு அந்த நாற்றமும் தெரியும்.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் முத்துக்குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. பாண்டியன் நாட்டில் என்ன குற்றத்துக்கு இந்தத் தண்டனை என்று அதில் இல்லை. கடைசி வரை ஸ்கிப் பண்ணாமல் பார்க்கும்படி தீர்ப்பு எழுத அந்தக் காலத்தில் வசதி இல்லாததால் கடலில் இறக்கியிருப்பார்கள்.

தூத்துக்குடியில் சலாபம் கடைசியாக நடந்தது 1961-ல். அதன் பிறகு பார்களில் சிப்பி தேறவில்லை. 1973-ல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிப் பிரிவினர் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். இதையெல்லாம் கட்டுரைக்காரர் தெரிந்துகொண்டது எழுத்திலிருந்து. குறிப்பாக, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி 1894-ல் அச்சிட்ட அறிக்கை. அதைத் திறந்தால் நேரே விஷயம். தர்ஸ்டன் தன் முகத்தைப் பக்கத்தின் மூலையில் வட்டமாக ஒட்டிக்கொள்ளவில்லை.

சரி, இப்படி ஏன் ஆனது? யூடியூபில் ஏற்றப்பட்ட முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23-ஆம் தேதியது. யூடியூபை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியாகோ மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று பேசுகிறார். மொத்தம் 19 விநாடி. யானைக்குத் தும்பிக்கை ரொம்ப நீளம் என்கிறார். சொல்வதற்கு அவ்வளவுதான் இருக்கிறது என்று முடித்துக்கொள்கிறார். கட்டுரைக்காரரைக் கேட்டால், அந்த ஊடகத்தின் பொற்காலம் அந்த 19 விநாடிதான்.

பிறகு கணக்குப்பிள்ளைகள் வந்தார்கள். 2012-ல் யூடியூப், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மதிப்புக் கொடுக்க ஆரம்பித்தது. 2018-ல், விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று விதி போட்டது. வீடியோவின் நடுவில் விளம்பரம் செருக முன்பு 10 நிமிட நீளம் வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் அதை 8 நிமிடமாகக் குறைத்தார்கள். ஒரு வரிப் பதில் ஏன் எட்டு நிமிடத்தைத் தாண்டி ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

கூட்டிப் பார்த்தால் இன்னும் பரிதாபம். ஒரு சேனல்காரர் யோக்கியமாகப் பத்து விநாடியில் பதிலைச் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 4,000 மணி நேரத்தைத் தேற்ற அந்தப் பத்து விநாடியை 14 லட்சத்து 40 ஆயிரம் பேர் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே பதினேழரை லட்சம். கயத்தாறிலிருந்து பெரியதாழை வரை தொட்டில் பிள்ளைகளையும் பிடித்து உட்காரவைத்தால்தான் ஆகும். ஆகவே அந்தத் தம்பிகள்மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனாலும் கட்டுரைக்காரர் கோபப்படுகிறார்.

முதல் காரணத்துக்கு வருவோம். கண் தாவும், காது தாவாது. ஆய்வாளர் மார்க் பிரைஸ்பேர்ட் 190 ஆய்வுகளைச் சேர்த்து 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஆங்கிலத்தில் கட்டுரை படிக்கிற பெரியவர் ஒருவர் நிமிடத்துக்குச் சராசரி 238 சொற்களை வாசிக்கிறார். பேச்சு சாதாரணமாக நிமிடத்துக்கு 150 சொல் அளவில் நடக்கிறது. இதில் படிப்பவர் எல்லாவற்றையும் படிப்பதில்லை என்பதைச் சேர்க்கவில்லை. தேவையில்லாத பத்தியைத் தாண்டுவார், வேண்டிய சொல்லைத் தேடுபெட்டியில் போட்டு நேரே அங்கே இறங்குவார், புரியாததைத் திரும்பப் படிப்பார். வீடியோவில் பின்னால் போகலாம் என்று விரலை வைத்தால், ஒன்று வணக்கம் மக்களேக்குப் போகும், இல்லையென்றால் நன்றி வணக்கத்துக்குப் போகும். நடுவில் நிற்காது.

மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி என்று மூன்றே பொருள். வெள்ளைக்கருவை நுரைக்க அடி, சர்க்கரையைச் சேர்த்து இன்னும் அடி, பொடித்த முந்திரியைக் கலந்து கூம்புகூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் வை. தபால் அட்டையில் எழுதினால் முகவரி எழுதவும் இடம் இருக்கும். இதற்கு ஒரு வீடியோ ரயிலடியில் ஆரம்பிக்கிறது. பழைய துறைமுகம், பனிமய மாதா கோவில், உப்பளத்தின்மேல் ட்ரோன், வ.உ.சி. சிலை. பேக்கரி வாசலில் நின்று ஒருவர் ஒரு மக்ரூனை வாயில் போட்டுக் கண்ணை மூடுகிறார். மூடிய கண் நெடுநேரம் திறப்பதில்லை. திறந்து, ‘வேற லெவல்’ என்கிறார். எவ்வளவு சர்க்கரை என்பதை, கிரைண்டர் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

1951-ல் ‘சமைத்துப் பார்’ முதல் பாகத்தை அச்சிட்ட எஸ். மீனாட்சி அம்மாள் இதையெல்லாம் செய்யவில்லை. சாமான்கள், அளவு, செய்முறை, அடுத்த பக்கம். கல்யாணமாகி அந்நிய ஊருக்குப் போன பெண்கள் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். சாம்பார்க் கறை படிந்த பக்கத்தை அடுப்புப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டே கிளறினார்கள். இன்று மாவுக் கையோடு மூக்கு நுனியால் திரையைத் தொட்டு வீடியோவை நிறுத்துகிற வித்தையை வீட்டுக்கு வீடு பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் ஊர்ப் பெருமை. தமிழ் அச்சில் ஏறியதற்கும் இந்தக் கரைக்கும் தொடர்பு உண்டு. 1554-ல் லிஸ்பனில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகம், தமிழை ரோமன் எழுத்தில் போட்டது. தங்கை மகன் அனுப்புகிற குறுஞ்செய்திகளின் பூர்வீகம் அதுதான் என்று கட்டுரைக்காரர் சந்தேகிக்கிறார். தமிழ் எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்று நின்றவர் ஹென்றிக் ஹென்றிகஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார், நம் ஆட்களுக்கு அண்டிரிக் அடிகளார். 1540-களின் கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழைக் கற்று, அதற்குப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணமும் எழுதியவர். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் அச்சாகி வந்தது. 16 பக்கம். அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். கடலடியில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு ஈயத்தில் வார்த்த எழுத்தாக மாறியது. 1586-ல் புனிதர்களின் வரலாறாக ‘அடியார் வரலாறு’ என்ற பெரிய புத்தகமும் வந்தது. 1600-ல் இறந்த அடிகளாரை அடக்கம் செய்ததும் தூத்துக்குடியில்தான்.

இவ்வளவையும் மருமகனுக்குக் கட்டுரைக்காரர் ஆர்வமாகச் சொன்னார்.

“சூப்பர் மாமா! இத நீங்க வீடியோவாப் போடலாமே?”

போட்டால் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். ‘400 வருஷமா மறைக்கப்பட்ட ரகசியம்! தூத்துக்குடிக்குள் புதைந்த மர்மம்!!’ தாடி வைத்த பாதிரியார் படத்தின்மேல் சிவப்பு வட்டம். பின்னணியில் உறுமி. புத்தகத்தின் பெயர் ஒன்பதாவது நிமிடத்தில்.

நியாயத்துக்குக் கட்டுப்பட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், வாய் கொஞ்சம் கோணினாலும். சில விஷயங்களை எழுதிக் காட்ட முடியாது. ‘தூத்துக்குடி மீனவன்’, ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ போன்ற சேனல்களில் படகு ஆடுகிற ஆட்டத்தையும், வலை மேலே வரும்போது அதில் மின்னுகிற மீனையும் பார்த்தவர்கள் அதைப் பத்திபத்தியாகப் படிக்க மாட்டார்கள். தமிழில் முதன்முதலாக ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ புதுக்கோட்டைப் பக்கத்துத் தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைப்பது. அதில் பேச்சு குறைவு, வேலை அதிகம். மீன் வெட்டுவது, முடிச்சுப் போடுவது, பொரிச்ச பரோட்டாவுக்கு மாவு வீசுவது, இதற்கெல்லாம் வீடியோ இருக்கட்டும். மின் கட்டணம் எவ்வளவு, பட்டா மாறுதலுக்கு என்னென்ன தாள் வேண்டும், திருச்செந்தூர் பஸ் எத்தனை மணிக்கு, கூண்டு எண்ணுக்கு என்ன அர்த்தம், இதற்கெல்லாம் எதற்கு ட்ரோன்?

வெறும் முணுமுணுப்பு என்று ஒதுக்க முடியாத ஒரு நாளும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை மறந்து ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, சுமார் 800 பயணிகள் தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பல இடங்களில் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. வெளியூரில் இருந்தவர்கள் தேடியது ஒற்றை வரித் தகவல்தான்: எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு, எந்தச் சாலை போகிறது, யாருக்குப் போன் செய்வது. ஒரு கோடு சிக்னல் வந்துபோகும் இடைவெளியில் ஒரு குறுஞ்செய்தி நுழைந்துவிடும். வீடியோ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களிடம், நேரலையில் முழங்கால் தண்ணீரில் நின்று ‘மழையை நீங்களே பாக்குறீங்க’ என்றவர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

வானிலையை ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற ஆட்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. சென்னை வானிலை மையத்தில் இருந்த எஸ்.ஆர். ரமணன் தொலைக்காட்சியில் வந்தால், எங்கே மையம் கொண்டிருக்கிறது, எங்கே மழை, மீனவர்கள் கடலுக்குப் போகலாமா, முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரைக் குலதெய்வமாகக் கும்பிட்டதற்குக் காரணம் லீவு மட்டும் அல்ல, வேகமும்தான். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் எழுதி எழுதியே பெயர் வாங்கியவர். மழை வெளுத்து வாங்குகிற ராத்திரிகளில் அவர் எழுதிய பத்திகளைத்தான் ஊர் முழுக்கத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தது.

கூண்டுகளில் பதினோராம் எண் என்று ஒன்று இருப்பதைச் சொன்னோம் அல்லவா? அதைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துபோய்விட்டது, ஆனால் நிலைமை மோசம் என்று உள்ளூர் அதிகாரி நினைக்கிறார் என்றால் அதை ஏற்றுவார்கள். என்னிடம் தகவல் இல்லை என்பதையும் ஒரு தகவலாக, சுருக்கமாகச் சொல்ல முடியும் என்று யோசித்தவர்களைக் கும்பிட வேண்டும். யூடியூபில் பதினோராம் எண்ணுக்கு வேலை அதிகம். பாதி வீடியோக்களின் நெற்றியில் அதை ஏற்றலாம்.

இதில் எழுத்தும் ஒழுங்காக இருக்கிறதா என்றால், அதுவும் கெட்டுவருகிறது. செய்தித் தளங்களில், ‘தூத்துக்குடிக்கு நாளை விடுமுறையா? இதோ முழு விவரம்’ என்று தலைப்பு. உள்ளே போனால் தூத்துக்குடி தமிழ்நாட்டின் தென்கோடியில் உள்ள துறைமுக நகரம் என்று ஆரம்பிக்கிறது. தூத்துக்குடியில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு! நான்கு பத்தி, நடுவில் ஆறு விளம்பரம், கடைசி வரி: இதுகுறித்த அதிகாரப்பூர்வ அறிவிப்பு இன்னும் வெளியாகவில்லை. வாட்ஸ்அப்பிலோ ‘வர்றேன்’ என்று நாலு எழுத்துத் தட்டச் சோம்பி, பேசி அனுப்புகிறார்கள். ‘அண்ணாச்சி… ஆங்… சத்தம் கேக்கா? இந்தா வண்டில போயிட்டிருக்கேன்… ஏ ஓரமாப் போல!… ஆங்… என்ன சொல்ல வந்தேன்னா…’ காற்று இரைச்சல், ஆரன், ஒரு பஸ். கடைசி வரை கேட்டால்தான் அவர் வரவில்லை என்று தெரிகிறது.

மூன்றாவது காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று கட்டுரைக்காரர் நினைத்திருந்த சமயத்தில்தான், தங்கை மகன் தன் நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். சேனல் நடத்துகிற பையன். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினான். ஒவ்வொரு வீடியோவுக்கும் எப்படி உழைக்கிறான் என்று விளக்கினான். முதலில் நூலகத்துக்குப் போய், பழைய புத்தகங்களைப் படித்துக் குறிப்பெடுப்பானாம். பிறகு உட்கார்ந்து முழுவதையும் எழுதுவானாம். எழுதியதைத் திருத்தி, சுருக்கி, இரண்டு பக்கத்துக்குக் கொண்டுவருவானாம். அப்புறம்தான் கேமரா முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பேசுவது, இசை சேர்ப்பது, ட்ரோன் விடுவது எல்லாம்.

கட்டுரைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“தம்பி, அந்த ரெண்டு பக்கம் இருக்குல்லா, அத அப்படியே எனக்கு அனுப்பிரு. போதும்.”

பையன் தலையைச் சொறிந்தான்.

“அத வீடியோ எடுத்த ஒடனே டிலீட் பண்ணிருவேன் அண்ணாச்சி. ஆனா ஸ்க்ரிப்ட் எப்படி எழுததுன்னு தனியா ஒரு வீடியோ போட்டிருக்கேன். லிங்க் அனுப்பட்டுமா?”